அமெரிக்கருக்கு ஒரு படையல்

எங்கள் சித்திக்கு ஓர் அமெரிக்க நாவலாசிரியரோடு உறவு இருந்தது. அவர் செத்துப் பல காலமாகியிருந்தது அதற்குத் தடையாக இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஸ்ட்ரெதமில் ஒரு சலவைக்கடைக்கு மேலே குடியிருந்தோம். பேக்கரி ஷிப்ட் முடிந்து வந்து, மாலை வகுப்புக்குப் பாடமாயிருந்த அவருடைய நாவலைச் சித்தி சத்தம்போட்டு வாசிப்பார். பிறகு என்னை இருத்தி அவர் கதையைச் சொல்வார். தகப்பன் செத்ததால் பள்ளிக்கூடத்தை விட்டவர், கிடங்கொன்றில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார், வாங்க ஆளில்லை, வாடகை அறையொன்றில் தனியே செத்தார். உலகம் புகழ்ந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு சனிக்கிழமை, அது அவர் செத்த நாள் என்று சொல்லி, சித்தி தலைமுழுகிச் சமைத்தார். புத்தகத்தின் பின்னட்டைப் படம் தெரிய அதை முன்னறை மேசையில் நிறுத்தி, விளக்கேற்றி, சோறும் கறிகளும் உழுந்து வடையும் படைத்தார். ஊதுபத்தி என் பொறுப்பு.

வேலைக்குப் புறப்பட்டு வந்த அப்பா கதவடியில் நின்றுவிட்டார். மாடு தின்று, குடித்துச் செத்த வெள்ளைக்காரனுக்குத் தன் வீட்டில் திவசமோ என்று கேட்டார். விம்பிள்டன் கோயிலில் இனித் தலைகாட்ட முடியாது, எல்லாவற்றையும் எடு என்றார்.

சித்தி அசையவில்லை. அப்பாவுக்கு எதிரே ஒருவர் அப்படி நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“செத்த நாள் தெரிஞ்ச ஆளுக்குத்தானே அத்தான் திவசம் குடுக்கலாம். இவர் செத்த நாள் தெரியும். கோயிலிலை ஆர் கேட்டாலும் நான் பதில் சொல்லுறன். எடுக்கமாட்டன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் ஓர் அண்ணை, என் மாமா. ஊரில் ஆமிப்படை பிடித்துக்கொண்டு போய்ச் சில வருடங்கள், ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார், வருவார் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவார். வேறுவிதமாகப் பேச ஒருவரையும் விடமாட்டார்.

அம்மா குசினிக்குள் போய்க் கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்தார். மாமா வந்தபிறகு வைக்கலாம் என்று எங்கள் வீட்டில் காய்ச்சாமலே விட்டிருந்த குழம்பு அது. கொண்டுவந்து சோற்றுக்குப் பக்கத்தில் வார்த்தார். பிறகு நிலத்தில் விழுந்து கும்பிட்டார். எழும்ப நேரமெடுத்தது. சித்திதான் தூக்கிவிட்டார். அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

அமெரிக்கர்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா என்று கேட்டேன். அவ்வளவு உறைப்பு அந்த மனிதருக்கு ஒத்துவராதே என்ற கவலை மட்டும்தான் அன்று எனக்கிருந்தது.