வலது பக்கம், இரண்டு சீட்டு

"சீட்டுக்குக் காசு கட்டவாம்மா, வேணாமா?" என்று சிங்கப்பூரிலிருந்து மகள் போனில் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட்டுதான் அவள் போன வாரமே எடுத்துவிட்டாளே. திருச்சியிலிருந்து போக இரண்டு, திரும்பி வர இரண்டு. எடுத்த சீட்டுக்கு மறுபடி என்ன காசு?

"அது டிக்கெட்டும்மா. இது உக்கார்ற சீட்டு."

"அப்ப காசு கட்டலன்னா நின்னுக்கிட்டா வரணும்?"

மகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு விளக்கினாள். இது விலை குறைந்த விமானமாம். டிக்கெட் மட்டும்தான் மலிவு. சாப்பாடு தனி, பெட்டி தனி, இன்ன இடம்தான் வேண்டும் என்று கேட்டால் அதுவும் தனி. கேட்காவிட்டால் கம்ப்யூட்டரே எங்கேயாவது இரண்டு இடம் கொடுத்துவிடும். அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமலும் போகலாம்.

"இதுக்கெல்லாமா காசு கொடுப்பாங்க? வேணாம்" என்றேன். பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். பஸ்ஸில் இடது வரிசை எங்களுக்கு, வலது வரிசை ஆண்களுக்கு. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நானும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போன பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாலு மணி நேரம் விமானத்தில் தனியாக உட்கார்ந்தால் குடியா முழுகிவிடப் போகிறது?

நாற்காலியில் பேப்பர் படித்தபடி ஸ்பீக்கரில் மகள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "கட்டிடலாம். நாங்களே பெரம்பலூர் போயி பாத்துக்கறோம்னு சொல்லிட்டு போனை வை."

நான் அவரையே பார்த்தேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, நாலு வருஷத்துக்கு முன்னால்தான் வேலையை விட்டவர். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட மனசு வராமல் வீட்டிலிருந்தே பிடித்து வருகிறவர். அவருக்கு ஏன் திடீரென்று இந்தத் தாராளம்? கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கோ ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் மண்டை வெடித்துவிடும்.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் குரும்பலூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனோம். பிரவுசிங் சென்டரில் இருந்த பெண் மகள் அனுப்பிய டிக்கெட் நம்பரைத் தட்டியதும் திரையில் விமானத்தின் உள்பக்கம் கட்டம் கட்டமாக வந்தது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் நடக்கும் வழி. முன்னால் இருந்தவை விலை கூடியவை, பின்னால் போகப் போகக் குறைவு. பஸ்ஸில் டயருக்கு மேலே இருக்கும் சீட்டில் எவனும் உட்கார மாட்டான், இதிலும் அப்படி ஏதாவது இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன்.

"பின்னாடி இடது பக்கம் ஜன்னலும் அதுக்கு அடுத்ததும் காலியா இருக்குங்க. இருக்கறதுலயே கம்மி" என்றாள் அந்தப் பெண்.

"வலது பக்கம் பாரும்மா" என்றார் இவர். "இவங்களுக்கு ஜன்னல். எனக்கு நடு சீட்டு."

"வலது பக்கம் சேர்ந்தாப்ல ரெண்டு முன்னாடிதாங்க இருக்கு. ஒன்றரை மடங்கு ஆகும்."

"பரவால்ல. அதையே போடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜன்னல்தான் வேண்டுமென்றால் இடது பக்கமும் ஜன்னல்தானே? சேர்ந்துதான் உட்கார வேண்டுமென்றால் அங்கேயும் சேர்ந்துதானே உட்காரப் போகிறோம்? கடல் அந்தப் பக்கம் தெரியுமோ, வெயில் இந்தப் பக்கம் அடிக்காதோ என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். லாரி ஓட்டியவருக்கு ஸ்டியரிங் இருக்கும் பக்கம்தான் பழக்கம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் இடது வரிசை ஓரத்தில், அவர் வலது வரிசை ஓரத்தில். நடுவில் வழி மட்டும்தான். "இந்தப் பக்கம் உக்காந்தா என்ன, அந்தப் பக்கம் உக்காந்தா என்னங்கறேன்?" என்று கேட்டேன். திரும்பவே இல்லை. எப்போதும் இப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் இந்த மனிதருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். "காதுல விழாத மாதிரி நடிக்கறதுக்கு உங்களை விட்டா ஆளு கிடையாது" என்று நான் திட்டாத பயணம் கிடையாது.

அப்போது அவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் இருந்தவர், "குரும்பலூர் வந்துருச்சுங்களா?" என்று முனகுவது போல் கேட்டார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "அடுத்த ஸ்டாப்பு" என்று இவர் பட்டென்று சொன்னார்.

நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். ஒருத்திக்கு இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தால் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு என் மனசு டேப்பை எடுத்துக்கொண்டு இவரை அளக்க ஆரம்பித்தது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். கல்யாண மண்டபத்தில் இடது கோடி நாற்காலிதான் வேண்டும் என்பார். வீட்டில் அவர் நாற்காலியின் இடது கை சுவரை ஒட்டியே கிடக்கும், நான் பெருக்கும்போது நகர்த்தினால் கத்துவார்.

மறுநாள் காலையில் கூடம் துடைக்கிற சாக்கில் நாற்காலியைச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டேன். அவர் வந்து உட்கார்ந்து பேப்பரைப் பிரித்ததும் இடது பக்கம் போய் நின்று சொன்னேன். "உங்க தங்கச்சி வூட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டேன். மொய்யும் வைக்க வேணாம்."

பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

வலது பக்கம் வந்தேன். இன்னும் குரலைத் தாழ்த்தி, "காபி போடவா?" என்றேன்.

"சக்கரை கம்மியா."

சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் செய்தேன். வரவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வலது பக்கமாகவே தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா இந்தக் காது கேக்கல?"

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். "பாப்பா பத்தாவது படிக்கறப்பருந்து. அந்தப் பழைய வண்டியில இடது கைப் பக்கம்தான் இஞ்சின். அதனாலயோ என்னமோ. கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"லைசென்ஸ் புதுப்பிக்கறப்ப டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. நீ ரவிக்கை தைக்க வர்றவங்ககிட்ட ஊர்க்கதை பேசறவ. வாய்தவறி சொல்லிட்டீன்னா?"

"வேலைய விட்டப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப சொன்னா, இத்தனை வருஷமா ஏன் சொல்லலன்னு கேப்ப. இப்பக் கேக்கற மாதிரி."

காது கேட்காமல் கல் லாரி ஓட்டியிருக்கிறாரே என்று பதறித் திட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தத் தலையாட்டல்! கேட்காததற்கெல்லாம் இப்படித்தானே இத்தனை வருஷம் ஆட்டிச் சமாளித்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்குத் திட்ட வரவில்லை. ஊருக்குத் திரும்பி வந்ததும் திருச்சியில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். பிறகு கேட்டேன்.

"பஸ்ஸுல இத்தனை வருஷம் சமாளிச்சீங்க. பிளைட்டுக்கு மட்டும் எதுக்குக் காசைக் கொட்டணும்?"

"பஸ்ஸுல நீ பயப்பட மாட்ட" என்றார். "பயந்தா நீ கத்தற ஆளு கிடையாது. மெதுவாத்தான் கூப்பிடுவ. அது எனக்குக் கேக்கணும்ல."

எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது என் வலது கைப் பக்கம் ஜன்னல், இடது கைப் பக்கம் அவர். அவருக்கு அடுத்து, வழியோரத்தில் ஓர் இளைஞர். அதே வரிசையில் அந்தப் பக்கம் ஜன்னலோரத்தில் அவர் குழந்தை, அதற்கு அடுத்து மனைவி. பாவம், சீட்டுக்குக் காசு கட்டாதவர்கள் போலிருக்கிறது. அந்தத் தம்பி இவர் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்களும் அம்மாவும் அந்தப் பக்கம் மாறிக்கறீங்களா? அங்கயும் ஜன்னல்தான். நாங்க மூணு பேரும் சேர்ந்து உக்காந்துக்குவோம்."

கேட்டது இடது பக்கத்திலிருந்து. இவர் சிரித்துக்கொண்டே தாராளமாகத் தலையாட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க ஐயா" என்று தம்பி எழுந்து பையை எடுத்தார். அந்தப் பக்கம் மனைவி குழந்தையின் பெல்ட்டைக் கழற்றினாள். என்ன நடக்கிறது என்று புரியாமல் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது. கேட்காமல் தலையாட்டினேன் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வார்?

பஸ்ஸில் யாராவது இடம் கேட்டால் நான் நகர்ந்து கொடுக்காமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு எட்டி அந்தத் தம்பியைப் பார்த்துச் சொன்னேன்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. எனக்கு வலது காது கேக்காது. இவரு இடது பக்கம் உக்காந்தாத்தான் நான் பேசிக்கிட்டு வர முடியும். இவரு நினைப்பில்லாம தலையாட்டிட்டாரு."

"ஐயோ, பரவால்லைங்கம்மா. நடுவுல வழிதானே, பாத்துக்கறோம்" என்று உட்கார்ந்துவிட்டார். குழந்தை எட்டி அப்பாவைப் பார்த்துக் கையாட்டி விளையாட ஆரம்பித்தது.

இவர் என் பக்கம் குனிந்தார். "உனக்கு எந்தக் காது கேக்காது?"

"நீங்க பேசாம வாங்க."

விமானம் ஓட ஆரம்பித்தது. வேகம் பிடித்து மூக்கைத் தூக்கியதும் ஜன்னலில் தரை சாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டேன்.

"என்னங்க."

"சொல்லு" என்றார்.