புதுச்சேரியில் ஒரு தலைமுழுக்கு

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் பிரவீனாவின் முகம் வெளிறியது.

காதலித்தவனோடு புதுச்சேரிக்குப் போன மகளை, செத்துப்போனாள் என்று சொந்த ஊரான புதுச்சத்திரத்துக் கிணற்றடியிலேயே தலைமுழுகியவர் மயில்சாமி. கடல் பார்க்கலாமென்று அவரை அழைத்துவந்து, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சின்ன ஹோட்டலில் தங்கவைத்து, மகளையும் வரவழைத்திருந்தாள் மனைவி சௌந்திரம். மகளைக் கண்டதும் அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

"மறுக்காவும் தலைமுழுகறாருங்களாம்மா?"

சௌந்திரம் கதவில் காதை வைத்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் தேம்பல் கேட்டது.

"இல்ல சாமி, உங்கப்பன் அழுவறாரு. நமக்குக் கேக்கக்கூடாதுன்னு தண்ணியத் தொறந்து உட்டிருக்காரு."

"பொய் சொல்லாதீங்கம்மா. அவரு ரோசம் எனக்குத் தெரியாதுங்களா?" பிரவீனா வாசலை நோக்கித் திரும்பினாள்.

"ஏனுங்க, வெளிய வாங்க! புள்ள போறா!"

சௌந்திரம் கதவை அடித்தாள். தண்ணீர் நிற்கவில்லை.

"போயிட்டு வாரேனுங்கம்மா" என்று தாயின் கன்னத்தைத் துடைத்துவிட்டு வெளியேறிய பிரவீனா, அறைக்கதவைச் சாத்தினாள்.