பழனிக்குப் போகாத வெள்ளிக் கால்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். கோயமுத்தூருக்கு வடக்கே கணபதி என்ற ஊரில் நாங்கள் குடியிருந்தோம். டிரெயினிங் முடித்து, அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை அதிகம். இன்றைக்கும் அது குறையவில்லை. தெருவில் நான் குடை பிடித்துப் போகிற விதத்திலேயே அது தெரியும் என்பார்கள்.

என்னைப் படிக்க வைத்தவன் என் அண்ணன். அப்பா போன பிறகு பக்கத்து நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து எங்களைக் காப்பாற்றினான். அது போதாதென்று ஒரு பட்டாளத்திலும் பெயர் கொடுத்திருந்தான். அது வருஷம் முழுவதும் இருக்கும் பட்டாளம் அல்ல. மற்ற நாட்களில் அவரவர் தொழிலைப் பார்த்துக்கொண்டு, வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் முகாமுக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வரவேண்டும். யுத்தம் வந்தால் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் போட்டவன் முகாமுக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் தண்டனை. அண்ணன் தை மாதம் போவான், வருவான். மில்லில் லீவு கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் அண்ணன் விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டான். அன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்த கொஞ்ச நேரத்தில், மில் முதலாளி வீட்டு வேலைக்காரி வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் துணியில் சிறிய முடிச்சு.

"ஏனுங் வாத்தியாரம்மா, அண்ணன் கெளம்பீட்டாருங்களா? அடடா, அம்மா இதை அவருகிட்டக் குடுக்கச் சொன்னாங்களே."

முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளியில் செய்த ஒரு சின்னக் கால். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். விரல்களைக்கூடச் செதுக்கியிருந்தார்கள்.

"பாப்பா காலுக்கு வேண்டுதலுங்க. உங்கண்ணன் கையால பழனியாண்டவன் காலடியில வெக்கோணும்னு அம்மாவுக்கு ஆசை. அவரு போயிட்டாருன்னா, நாளைக்குக் காவடி எடுத்துப் போறவங்க கையில குடுத்தனுப்பிப் போடுங்க. பூசத்துக்கு முதலாளியும் அம்மாவும் காருல பழனி போறாங்க. உங்கண்ணன் தண்ணி சொமக்கற மடத்துக்கும் போறாங்களாம்."

"எந்த மடம்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நல்லா இருக்குதுங்க! ரெண்டு வருசமாத் தை மாசம் பூராப் பழனி மடத்துல தண்ணி சொமக்கறாரு. மில்லுல அவரைப் பழனியாண்டின்னுதான் கூப்பிடறாங்க. கூடப் பொறந்த உங்களுக்குத் தெரியாதுங்களாக்கும்?"

அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"முந்தி இதே மில்லுல ஒருத்தன் நெசத்தைச் சொல்லீட்டுப் பட்டாளத்துக்குப் போனான் கண்ணு. திரும்பி வந்தா அவன் மிசின்ல வேற ஆளு நின்னான். 'சர்க்கார் சோறு திங்கறவனுக்கு இங்கென்ன சோலி'ன்னு மேஸ்திரி வெரட்டிப்போட்டான். அதைப் பாத்துப்போட்டுத்தான் உங்கண்ணன் முருகனைப் புடிச்சுக்கிட்டான்."

எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகிறவனை யாரும் தடுக்கமாட்டார்கள். தடுத்தால் பாவம் என்று பயம். அண்ணன் ஒரு மாத வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறான். முதலாளி பக்தி உள்ளவர். உடனே சம்மதித்து, திரும்பி வரும்வரை இன்னொருவனை நிறுத்தச் சொல்லிவிட்டார். முகாமில் ஒட்ட வெட்டிய தலையோடு அண்ணன் வருவான். பார்க்கிறவர்களுக்கு மொட்டை போட்டு முளைத்த தலை. டவுன் கடையில் பஞ்சாமிர்த டப்பா வாங்கி வந்து முதலாளி வீட்டுக்குக் கொடுத்தும் இருக்கிறான். போன வருஷம் முதலாளி அவனுக்கு ஒரு புது வேட்டிகூடக் கொடுத்தாராம். அந்த வேட்டியை அண்ணன் ஒரு நாளும் கட்டாதது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பேசாம காவடிக்காரங்க கையில குடுத்துரு அம்மணி. மடத்துல தேடுனா, காச்சல் வந்து படுத்துட்டான்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக் காலைச் சாமி மாடத்தில் வைத்தோம். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. முதலாளியின் குழந்தைக்கு ஐந்து வயது. காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் ஒரு கால் துவண்டுவிட்டது. அந்தத் தாய், கணபதியிலேயே பக்தியுள்ளவன் யார் என்று தேடி, என் அண்ணனைக் கண்டுபிடித்திருக்கிறாள்! எனக்கு வந்தது முருகனைப் பற்றிய பயமா, முதலாளியைப் பற்றிய பயமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பொய் இனிமேல் பூசம் வரைதான் நிற்கும். மடத்தில் அண்ணன் இல்லையென்று அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தால் வேலை போகும், ஊரில் முகமும் போகும். நாமே சொன்னால்? சொன்னாலும் போகலாம். ஆனால் அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் முடிச்சை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலாளி வீடு அவர்களுடைய பழைய தோட்டத்தை ஒட்டியிருந்தது. மில் வைத்த பிறகும் விவசாயத்தை அவர் விடவில்லை. வழியில், அவரும் பங்காளிகளும் ஆளுக்கொரு நாள் முறை வைத்திருந்த பொதுக் கிணற்றில், எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. எருதுகள் இறங்குவதும், தோல் சாலில் தண்ணீர் மேலே வந்து கொட்டுவதும் எனக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் அன்று ஒவ்வொரு சாலும் என் நெஞ்சில் கொட்டியது. ஓட்டியவர் என் அம்மாவுக்குத் தெரிந்தவர்.

"இன்னைக்கு உங்க முறையாங்க?" என்றேன். ஏதாவது பேசினால் கால் நடக்கும் என்பதற்காகத்தான் கேட்டேன்.

"என்ற முறை நாளைக்கு அம்மணி. இது தம்பி முறை. அவன் காவடி எடுத்துட்டான். வர்ற வரைக்கும் நாந்தான் ஓட்டோணும்."

முதலாளியம்மா வெளி வராந்தாவில் குழந்தையின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வா அம்மணி, உக்காரு. குடுத்தனுப்பீட்டியா?" என்றாள்.

நான் உட்காரவில்லை. முடிச்சை அவள் முன்னால் வைத்தேன். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணன் பழனிக்குப் போகலீங்க. எந்த வருசமும் போனதில்லீங்க" என்று மட்டும் வந்தது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. "என்ற கொழந்தை காலு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். வெள்ளிக் காலை எடுத்துப் பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரில் கழுவினாள். என் கை பட்டதைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் வராந்தா ஓரமாக வழிந்து என் காலருகே வந்தது.

உள்ளேயிருந்து முதலாளி வந்துவிட்டார். முழுவதையும் கேட்டிருந்தார்.

"ரெண்டு வருசம்! சாமி பேரைச் சொல்லி ரெண்டு வருசம் என்னைய முட்டாளாக்கியிருக்கறான்!"

என் படிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "முகாமுக்குப் போகாட்டித் தண்டனைங்க. சர்க்கார் சட்டம் அப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டமா? வாத்தியாரம்மா எனக்குச் சட்டம் சொல்லிக் குடுக்க வந்தீங்களாக்கும்? ஒரு மாசம் ஆளில்லாம மிசின் என்னாகறது? யாரோ ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனா எனக்கென்ன?"

குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் கிணற்றுப் பக்கமிருந்து சாலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. யோசித்துப் பேசியதல்ல; வாய் தானாகக் கேட்டது.

"உங்க கெணத்துல இன்னைக்குக் கவலை ஓட்டறவருக்கு முறை நாளைக்குங்க. இன்னைக்கு முறைக்காரர் பழனி போயிருக்கறாருங்க. வந்ததும் அவரு முறையை அவருக்கு உட்டுருவாங்களா, மாட்டாங்களாங்க?"

"உடாம? அது பரம்பரை வழக்கம்" என்றவர் நிறுத்தினார். நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் இன்னும் கடுத்தது. "பழனிக்குப் போறவன் சொல்லீட்டுப் போறான். உங்கண்ணன் சொன்னானா?"

அதற்கும் சொன்னேன்.

"நெசத்தைச் சொன்னவனுக்கு உங்க மில்லுல வேலை போச்சுங்க. பொய் சொன்னவனுக்கு நீங்க வேட்டி குடுத்தீங்க."

முதலாளி என்னையே பார்த்தார். "யாருக்கு வேலை போச்சு?" என்று மட்டும் கேட்டார். மேஸ்திரி அந்த ஆளை விரட்டியது அவருக்குத் தெரியாதோ, தெரிந்து மறந்துவிட்டாரோ, எனக்குத் தெரியாது. சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "ஊட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் என் எதிரிக்கும் தரமாட்டேன். மில் சங்கு ஊதும்போதெல்லாம், ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று அம்மா வாசலைப் பார்ப்பாள். அண்ணனுக்குக் கடிதம் போடவும் விடவில்லை. "துப்பாக்கியைத் தூக்கிட்டு நிக்கற எடத்துல அவன் மனசைக் கலைக்காதே" என்றாள். பூசத்துக்கு முதலாளி வீட்டுக் கார் பழனிக்குப் போய் வந்தது. வந்த இரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சேதி. அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், வேலையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஊர் எங்களைத்தான் சொல்லும். நாங்களே எங்களைச் சொல்லிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது என் வாய் மட்டும் முருகா முருகா என்றது. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் விட்டது. கால் அப்படியேதான் இருந்தது.

அண்ணன் வரும் நாள் சரியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் எச்சரித்துவிடலாம் என்று இருந்தோம். ஒரு மத்தியானம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய தலை, தோளில் மூட்டை, கையில் பளபளவென்று பஞ்சாமிர்த டப்பா. அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. நேராக மில்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். நெற்றி நிறைய விபூதி வேறு!

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பெருமையாகக் குடை பிடித்து நடந்த தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் மில் கேட்டுக்குள் காலை வைத்துவிட்டான். சங்கு ஊதி ஆட்கள் மாறுகிற நேரம். முதலாளியின் கார் அங்கே நின்றது. அவரும் நின்றார், பக்கத்தில் மேஸ்திரி.

"வாப்பா பழனியாண்டி" என்றார் முதலாளி. "எங்கிருந்து வாரே?"

ஆட்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். எனக்கு மூச்சு இரைத்தது. கத்திச் சொல்ல முடியாது. நான் சொன்னால் அது என் பேச்சாகிவிடும்; உண்மை அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். டப்பாவை நீட்டிப் பதில் சொல்ல வாயெடுத்த அண்ணன், கேட்டுக்கு வெளியே செருப்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"பட்டாளத்துல இருந்து வாரேனுங்க" என்றான்.

"அப்ப அந்த டப்பா?"

"டவுன்ல கடையில வாங்குனதுங்க."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. அண்ணனுடைய வெட்டிய தலையையும் விபூதியையும் பார்த்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"முறைக்காரன் வந்துட்டான். முறையை உடு" என்றார்.

காரில் ஏறினவர், தலையை வெளியே நீட்டி, "அடுத்த வருசம் நெசத்தைச் சொல்லீட்டுப் போ. அந்த விபூதியை மொதல்ல அழிச்சுப்போட்டு உள்ளே போ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன்.

பட்டாளத்தில் பெயர் கொடுத்தவர்கள் தீபாவளிக்குள் சொல்லிவிடவேண்டும், அவர்கள் இடம் அவர்களுக்கே இருக்கும், நடுவில் நிற்கிறவனுக்கும் ஒரு மாதம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். தீபாவளிக்கு முன் இன்னும் இரண்டு பேர் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றார்கள். அவர்களும் தை மாதத்துப் பழனி பக்தர்கள்தான்! விரட்டப்பட்ட அந்தப் பழைய ஆளை முதலாளி தேடச் சொன்னார். அவர் ஊரைவிட்டே போயிருந்தார், கிடைக்கவில்லை. முதலாளியம்மா அதற்குப் பிறகு என்னை அம்மணி என்று கூப்பிடவில்லை. டீச்சர் என்பாள். ஆனாலும் குழந்தையை என் வகுப்புக்கே அனுப்பினாள். காலை இழுத்து இழுத்து அது படியேறி வரும்போது, சொம்புத் தண்ணீர் என் கால் பக்கம் வழிந்தது ஒவ்வொரு நாளும் ஞாபகம் வரும்.

இன்றைக்கும் என் வகுப்பில் ஒரு பிள்ளை லீவு கேட்டுக் கோயில் பெயரைச் சொல்லித் தயங்கினால், "நெசத்தைச் சொன்னாலும் உன்ற எடம் இங்கியேதான் இருக்கும் கண்ணு" என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் காரணத்தைக் கேட்கிறேன்.