பதினெட்டாம் நம்பர் இருக்கை

முதன் முதலில் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். என் நாத்தனாரின் ஓரகத்திக்கு அன்று மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. "மாட்டேன் வந்துட்டாளா?" என்று ஒருத்தி கேட்க, "மாட்டேன் வெந்நீர் வாங்கப் போயிருக்கா, இப்ப வந்துடுவா" என்று இன்னொருத்தி சொன்னாள். யாரோ எதற்கோ முரண்டு பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து, கையில் பிளாஸ்க்கோடு ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றபோதுதான் அது ஆளின் பெயர் என்று புரிந்தது. பிள்ளை பெற்றவளின் தங்கை. பேச்சு வந்த நாளில் முதலில் சொன்ன சொல்லே 'மாட்டேன்'தானாம். 'அம்மா' அதற்கு அப்புறம்தானாம்.

பெயருக்குக் குறை வைக்காமல்தான் வாழ்ந்தாள். லாரி ஓட்டுபவனுக்கு வாழ்க்கைப்பட்டபோது, ஹோட்டலில் துணி துவைக்கிற வேலையை விடு என்றான். மாட்டேன் என்றாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டோடு வந்து இரு என்று மாமியார் அழைத்தாள். அதற்கும் அதே பதில்தான். ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அங்கேயே மகனை வளர்த்து ஆளாக்கினாள்.

சலவைக்கூடம் ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. நாலு பெரிய மெஷின், இரண்டு உலர்த்தி, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு நீராவி இஸ்திரி. கூரையை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல். அதன் வழியே வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கடல் அங்கிருந்து இருநூறு அடி. தினமும் காலையில் ஹோட்டல் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பும். டால்பின் கூட்டத்தைக் காட்டிவிட்டு, எதிரே உள்ள மணல்திட்டில் அவர்களை இறக்கிவிடும். வெயிலில் படுத்து, நீரில் விளையாடி, ஐந்து மணிக்குத் திரும்புவார்கள். ஆட்கள் மேலே அறைகளுக்குப் போக, அவர்களின் துண்டுகள் கீழே மாட்டேனிடம் வரும்.

முப்பத்தொரு வருடம் அவள் அறிந்த கடல் அந்தத் துண்டுகள்தான். டால்பினைப் பார்த்தார்களா இல்லையா என்று யாரையும் கேட்க மாட்டாள். துண்டைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். பார்த்த நாளில் ஆளாளுக்குச் சந்தோஷத்தில் நீரில் குதித்திருப்பார்கள். துண்டு சொட்டச் சொட்ட, பந்தாகச் சுருண்டு வரும். பார்க்காத நாளில் மடிப்புக் கலையாமல் வரும். "இன்னைக்கு ஒண்ணும் தட்டுப்படல போலிருக்கே" என்று துண்டு கொண்டுவருகிற மாடிப் பையனிடம் சொல்வாள். அவன் வாய் பிளப்பான். இத்தனை தெரிந்தவள் ஒரு நாளும் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. வேலையாட்களுக்கு அதில் இடம் கிடையாது.

வேலையிலிருந்து நின்ற இரண்டாவது வருடம், அவளுக்கு அறுபத்து மூன்று நடக்கும்போது, மகன் பேச்சை ஆரம்பித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் மறுகோடியில் ஆறாவது மாடியில் குடியிருந்தான். அம்மா ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்ததையும், ஒரு தடவை தப்பான பஸ்ஸில் ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கி விழித்ததையும் கேஸ் கட்டு மாதிரி வைத்திருந்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்மா. மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணிடலாம். எங்களோட வந்து இரு."

"என்னைக் கேட்காம என் அறையைக் காலி பண்ண நீ யாருடா?"

"உன் புள்ள. உனக்கு இனிமே தனியா ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரத் தெரியாதும்மா. ஒத்துக்கோ."

"மாட்டேன்."

"சரி, அப்படின்னா போய்க் காட்டு. தினம் தினம் புலம்புறியே, அந்தப் படகு. இப்பதான் வெளியாளுக்கும் டிக்கெட் கொடுக்குறாங்களே. அதுல போய்ட்டு, சாயங்காலம் தனியா வீடு வந்து சேர். அப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அதுவரை சமையலறையில் இருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போனா செல்லாது அத்தை. இப்பவே சொல்லிட்டேன்."

"உன் புருஷனை மொதல்ல துணையில்லாம காய்கறி வாங்கப் பழக்கு. அப்புறம் எனக்குச் சட்டம் போடு."

பந்தயம் கட்டியாகிவிட்டது. ஜெயித்தால் அறை அவளுடையது. தோற்றால் ஆறாவது மாடி.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். பெயர் எழுதினாள், வயது எழுதினாள். அதற்குக் கீழே 'துணை' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கட்டம் விட்டிருந்தது. மாட்டேன் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ஊர் ஊராக லாரி ஓட்டிய புருஷனுக்குக் கடிதம் எழுதத்தான். ஒரு தாளில் 'துணை' என்று இருந்தால் அதோடு சேர்த்து என்ன போட வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? பரவாயில்லை, படகு ஆபீஸ்காரர்களுக்கும் பயபக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, 'கடவுள்' என்று அழகாகக் கட்டத்துக்குள் எழுதிக் கொடுத்தாள்.

கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு, தாளில் இருந்ததை அப்படியே தட்டினாள். இரண்டு சீட்டு வந்தது. படகுக்கு ஒன்று, மணல்திட்டுக்கு ஒன்றாக்கும் என்று மாட்டேன் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை படகுத்துறையில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெயர்ப்பட்டியலோடு நின்றவன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேனாவால் டிக் அடித்து உள்ளே விட்டான்.

"பதினேழு."

"இருக்கேன்."

"ஏறுங்கம்மா. பதினெட்டு... பதினெட்டு யாருங்க? கடவுள்... கடவுள் வந்தாச்சா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவனும் அப்போதுதான் தான் வாசித்தது என்ன என்று தாளை உற்றுப் பார்த்தான்.

"அம்மா, இது உங்க கூட வர்றவர்னு போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரரா?"

"என் வீட்டுக்காரர் அவர்கிட்ட போய் இருபத்தெட்டு வருஷம் ஆகுது" என்றாள் மாட்டேன். அவளுக்கும் அந்த நொடியில்தான் விஷயம் பிடிபட்டது. முகம் சிவந்தது. ஆனாலும் கால் பின்வாங்கவில்லை.

"அப்ப யாரும் வரலையா? சாரிம்மா. அறுபது தாண்டினவங்களைத் துணையில்லாம ஏத்தக் கூடாது. ரூல்ஸ்."

பின்னால் நின்ற மஞ்சள் தொப்பிக்காரி ஒருத்திக்கு மனசு கேட்கவில்லை. "நான் துணையா இருந்துக்கிறேனே. எங்கம்மா மாதிரி இருக்காங்க" என்றாள்.

அந்தக் கையைப் பிடித்திருந்தால் அந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்திருக்கும். அறையும் கைவிட்டுப் போயிருக்கும்.

"உங்க நல்ல மனசுக்குச் சந்தோஷம்மா. ஆனா வேணாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பட்டியல்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, துணை யாருன்னு உங்க தாள் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"நான் எழுதினேனா இல்லையா?"

"எழுதினீங்க, ஆனா..."

"உங்க ஆபீஸ் ஒத்துக்கிட்டு அவருக்கும் சேர்த்து இருக்கை போட்டுச்சா இல்லையா? இதோ சீட்டு. இப்ப அவர் வரலன்னு சொல்றது யாரு? நான் சொல்லல. நீதான் சொல்ற. சரி, அப்படியே எழுது. அந்தப் பேருக்கு நேரா 'வரவில்லை'ன்னு எழுதி, கீழ உன் கையெழுத்தைப் போட்டு என்கிட்ட கொடு. நான் பேசாம வீட்டுக்குப் போயிடுறேன்."

பட்டியல்காரன் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனான். 'கடவுள்' என்று இருந்தது. அதற்கு நேராக 'வரவில்லை' என்று எழுத வேண்டும். நடுக்கடலுக்குப் போகிற படகு. முப்பது ஜோடிக் கண்கள் அவன் பேனா முனையையே பார்த்தன. வரிசையில் ஒரு கிழவர், "டேய் தம்பி, எதை வேணா எழுது, அதை மட்டும் எழுதித் தொலைக்காதே. நாங்கல்லாம் போகணும்ல" என்றார். படகோட்டி மேலேயிருந்து, "என்னப்பா லேட்டு? ஏத்திட்டு வா!" என்று கத்தினான்.

பட்டியல்காரன் பேனாவை நகர்த்தி, பதினெட்டுக்கு நேராக ஒரு டிக் அடித்தான்.

"ஏறுங்கம்மா."

அவளும் ஏறி, பதினேழில் உட்கார்ந்தாள். பதினெட்டு காலியாக இருந்தது. கேமராக்காரன் ஒருவன் வந்து தன் பையை அதில் வைக்கப் போனான். "அங்க ஆள் இருக்கு" என்றாள். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் போனதும் படகோட்டி இன்ஜினை அணைத்தான். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து தேடினார்கள். ஹோட்டல் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் டால்பின் வானத்துக்கு எகிறிக் குதித்துக்கொண்டிருக்கும். மாட்டேன் அதைத்தான் எதிர்பார்த்து மேலே பார்த்தாள். ஆனால் முதலில் வந்தது சத்தம். 'புஸ்ஸ்' என்று ஒன்று, பிறகு இன்னொன்று. நீராவி இஸ்திரியின் மூடியைத் தூக்கும்போது வருமே, அதே சத்தம். முப்பத்தொரு வருடம் கேட்ட காது அல்லவா, யாருக்கும் முன்னால் திரும்பிவிட்டது.

"அதோ! அந்தப் பக்கம்!" என்று கத்தினாள்.

ஈரக் கருங்கல் போல ஒரு முதுகு எழும்பி வளைந்து உள்ளே போனது. பின்னாலேயே இன்னும் இரண்டு. அதில் ஒன்று குட்டி, தாயின் விலாவை ஒட்டியபடி. எதுவும் எகிறிக் குதிக்கவில்லை. தங்கள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு, தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டு போயின. கேமராக்காரன், "குதிக்கவே இல்லையே" என்று குறைப்பட்டான்.

"நீ சொன்னா அது எதுக்குக் குதிக்கணும்?" என்றாள் மாட்டேன்.

மணல்திட்டில் இறங்கியதும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். வாங்கியதும் மோந்து பார்த்தாள். "சரியா காயல. உலர்த்தியிலேர்ந்து சீக்கிரமா எடுத்துட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அதை விரித்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, தானும் மல்லாந்து படுத்தாள். கை என்னவோ பழக்கதோஷத்தில் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பிளாஸ்டிக் உறைக்குள் ஃபோன் அடித்தது. மகன்.

"எங்கம்மா இருக்க?"

"கரையில."

"எந்தக் கரை?"

"மண்ணு இருக்கிற கரை."

"என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னா? உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணும் பண்ணாம கிடக்கத்தாண்டா இங்க கூட்டிட்டு வந்து விட்டிருக்காங்க. தொந்தரவு பண்ணாம ஃபோனை வை."

அதன் பிறகு எழுந்து, உடுத்தியிருந்த துணியோடு இடுப்பளவு நீரில் இறங்கினாள். அலை ஒன்று வந்து கழுத்து வரை நனைத்தது. மஞ்சள் தொப்பிக்காரி கைகொடுக்க ஓடி வந்தாள். "கிட்ட வராதீங்க!" என்று மாட்டேன் சிரித்துக்கொண்டே கத்தினாள். அன்று அவள் திருப்பிக் கொடுத்த துண்டு சொட்டச் சொட்டப் பந்தாகச் சுருண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் படகு துறையைத் தொட்டது. அங்கே, தன் பைக்கில் சாய்ந்தபடி மகன் நின்றிருந்தான். மதியத்திலிருந்தே வந்து காத்திருக்கிறான் என்று முகமே சொன்னது.

"வந்துட்டியா? ஏறும்மா, போகலாம்."

மாட்டேன் அவனைத் தெரியாதவள் மாதிரி தாண்டிப் போனாள்.

"அம்மா! நனைஞ்சிருக்க. விளையாடாதே, ஏறு."

"ஏற மாட்டேன். உன் பொண்டாட்டி என்ன சொன்னா? துணைக்கு ஆள் வந்தா செல்லாதுன்னாளா இல்லையா? தள்ளி நில்லு. பத்தடி தள்ளி நில்லு."

பஸ் நிறுத்தம் வரை அவள் நடந்தாள். அவன் பைக்கை உருட்டிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தான். போகிற வருகிறவர்கள், வயசான பொம்பளையை எவனோ பின்தொடர்கிறான் என்று அவனை முறைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பஸ் வந்து நின்றது.

"அம்மா, அதுதான்! ஏறு!" என்றான் மகன்.

அவள் அசையவில்லை. பஸ் கிளம்பிப் போனது.

"பாத்தியா? வந்த பஸ்ஸை விட்டுட்ட. இதைத்தாம்மா சொன்னேன். உனக்குத் தெரியல."

"அது முன்னாடி மாதிரி கடைத்தெருவுக்குத் திரும்பாது. நேரா பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும். நான் போன தடவை ஏறித் தப்பானது அதுலதான். நீ ஏறியிருந்தா இந்நேரம் பாலத்தைப் பார்த்துட்டு நிப்ப" என்றாள் மாட்டேன், அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே.

அடுத்து வந்ததில் ஏறினாள். அவன் பஸ்ஸின் பின்னாலேயே பைக்கில் வந்தான். இறங்கி, தெருவைக் கடந்து, ஈரத்துணி காலைத் தடுக்க இரண்டு மாடி ஏறினாள். மகன் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுகொண்டான். அவளே சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளே போய், அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.

வெளியே அவன் மனைவிக்கு ஃபோன் போடுவது கேட்டது.

"வந்துட்டாங்க... தனியாத்தான்... ஆமா, நான் பாத்தேன். இல்ல, நான் கூட வரல, பின்னால வந்தேன். அது துணை ஆகாது... ஏய், ஆகாதுன்னா ஆகாது! அம்மா ஜெயிச்சாச்சு. வீட்டுக்காரர்கிட்ட நானே நாளைக்குப் பேசிக்கிறேன்."

துணி மாற்றிக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து மாட்டேன் கதவைத் திறந்தாள்.

"இப்ப வரலாம். டீ குடிச்சிட்டுப் போ."

இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. அதே தெருவில், அதே இரண்டாவது மாடி அறையில் தனியாக இருக்கிறாள்.