தலைகீழாய் ஒட்டிய சுவர்

பங்கீட்டில் கிடைக்கும் “கூப்பன் மா”வைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பிடி வேப்பிலையும் போட்டுக் காய்ச்சினால் புளிப்பும் கசப்புமான ஒரு மணம் எழும். தீபாவளிக்கு முந்திய கிழமை எங்கள் வீட்டில் பலகார வாசனைக்கு முன்னால் வருவது அந்தப் பசையின் மணந்தான். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து துரத்தப்பட்டுக் கிளிநொச்சிக்கு வந்த அப்பா, இரணைமடு வாய்க்காலோரம் மண்ணும் தென்னங்கிடுகுமாக ஒரு வீடு எழுப்பியபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் “லயத்து” வழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்திருந்தார். ஆண்டுக்கொரு முறை வீட்டின் உள்சுவர் முழுவதும் பழைய பத்திரிகை ஒட்டுவார். அவர் மூட்டை சுமந்த நெல் ஆலையில் கழித்துப்போடும் தாள்கள் அதற்கு உதவின.

அந்த வேலையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நூல் பிடித்து, தாளோடு தாள் பொருந்தும்படி வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவி ஒட்டுவார். “ஓரம் கோணுச்சுன்னா வீடே கோணுனாப்புல தெரியும்” என்பார். ஆனால் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. படமுள்ள தாளென்றால் மனிதத் தலையைப் பார்த்து மேல்பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். வெறும் எழுத்து மட்டுமுள்ள தாள்கள் கைக்கு வந்தபடி ஏறும். அவற்றில் பாதி தலைகீழாகவே நின்றன.

பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றதும் இது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. பாயில் மல்லாந்து, உச்சந்தலையைச் சுவரில் முட்டக் கொடுத்து, கண்ணை மேலே செருகிப் பார்த்தால் தலைகீழ் எழுத்து நேராகிவிடும். அப்படிக் கிடந்துதான் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளையும், யாரோ இருவரின் கிணற்று வழக்கையும், உதைபந்தாட்ட முடிவுகளையும், நான் பார்க்கக் கிடைக்காத படங்களின் விமர்சனங்களையும் வாசித்தேன். “ஏழாம் பக்கம் பார்க்க” என்று ஒரு செய்தி முடியும். ஏழாம் பக்கமோ மண்சுவரைப் பார்த்து ஒட்டப்பட்டிருக்கும். அந்தக் கிணறு கடைசியில் யாருக்குப் போயிற்று என்பது இன்றும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் பாயும் தேவைப்படவில்லை. நின்றபடியே தலைகீழ் எழுத்தை வாசிக்கக் கண் பழகிவிட்டது.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் “தோட்டக்காட்டார்” என்று இளக்காரமாகச் சொல்வார்கள். அதனால் வெளியில் ஊராரைப் போல “ஓம்” என்றும் வீட்டில் “ஆமா” என்றும் இரண்டு நாக்கு வைத்திருந்தேன். எந்தச் சிநேகிதியையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஸ்ரெலா வந்தது மழையால். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சின்னம்மா வீட்டில் தங்கி எங்கள் வகுப்பில் படித்தவள் அவள். நாங்கள் இருவரும் வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையை நடத்திவந்தோம். அன்று வாய்க்கால் கட்டில் வரும்போது வானம் பொத்துக்கொண்டது. சஞ்சிகைத் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி அவளே முதலில் எங்கள் வீட்டுக்குள் ஓடினாள்.

அப்பா துவாய் எடுத்துக் கொடுத்தார். தலையைத் துவட்டிக்கொண்டே சுவரைப் பார்த்த ஸ்ரெலா வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்னடி இது, எல்லாம் தலைகீழாக் கிடக்கு! உங்கட வீட்டில வௌவாலோ பேப்பர் வாசிக்கிறது?”

“என்னாம்மா சொல்றீங்க?” என்று அப்பா அவளிடமே கேட்டார்.

“எழுத்தெல்லாம் கவிண்டு கிடக்கு ஐயா. ஆர் ஒட்டினது?”

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்தே அது எனக்கு எப்போதோ தெரியும் என்பதை அவர் படித்துவிட்டார்.

“நாந்தாங்க” என்றார், என் வயதுப் பெண்ணிடம்.

ஸ்ரெலாவின் சிரிப்பு நின்றுபோனது. “ஆனா நல்ல நேரா ஒட்டியிருக்கிறியள் ஐயா. ஒரு சுருக்கமும் இல்லை” என்றாள் அவசரமாக. அம்மா தேநீர் கொண்டுவந்தாள். மழை விடும்வரை மூவரும் தரையைப் பார்த்துக் குடித்தோம். ஸ்ரெலா பள்ளிக்கூடத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லிச் சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். மறுநாள் அவள் தன் பணிஸில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள். அதைத் தின்னாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா படமுள்ள தாள்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தார். சினிமா விளம்பரங்கள், மரண அறிவித்தல்கள், சவர்க்காரம் பிடித்த பெண்கள். எல்லாத் தலைகளும் மேலே இருந்தன. வாசிக்க ஒன்றுமில்லை. “எது மேல்பக்கம் என்று நான் சொல்கிறேனப்பா” என்ற ஒரு வாக்கியம் போதும். அதை எப்படிச் சொல்வது? அந்த ஒட்டுவேலை முடியும்வரை நான் குசினிக்குள் அம்மாவுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன்.

எண்பத்தொன்பதில், இரணைமடுக் குளத்து மீன்பிடியைப் பற்றி நான் எழுதிய முதற் கட்டுரை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அப்பா கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். ஒருமுறை திருப்பினார். “படம் போடலியா?” என்று கேட்டார். இல்லையென்றேன். பசை காய்ச்சித் தாளின் பின்பக்கத்தில் அவரே தடவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நீயே ஒட்டிரும்மா.”

ஒட்டினேன். அவர் பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஓரம் கோணுது” என்றார்.

அந்தச் சுவர் இன்றில்லை. போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் போய்ப் பார்த்தபோது மழையில் கரைந்து, வாய்க்காலோரம் ஒரு மண்மேடாகக் கிடந்தது. அப்பாவும் இல்லை. பயிர்ச்செய்கை, நீதிமன்றம், விளையாட்டு, சினிமா என்று எதைக் கேட்டாலும் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அலுவலகங்களில் அதிகாரி மேசையில் விரித்து வைத்திருக்கும் கோப்பை எதிர்க்கதிரையில் இருந்தபடியே தலைகீழாக வாசித்துவிடுவேன். சக நிருபர்களுக்கு அது ஒரு வித்தை. எங்கே பழகினாய் என்று கேட்பார்கள். முகம் சுடும். “வீட்டில” என்பேன். வீட்டில் யார் சொல்லித் தந்தது என்று அடுத்த கேள்வி வருமுன் எழுந்துவிடுவேன்.