இரண்டு வேளைக் கட்சித் தலைவர்

பொன்னையாவுக்குத் தன் இரத்தத்தைப் பற்றி அலாதியான பெருமை. இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அதில் இரத்தம் உறைந்து அடைபடாமல் இருக்க க்ளோபிடோகிரெல் என்ற குளிசை கொடுப்பார்கள். அது அவரிடம் செல்லுபடியாகவில்லை. மருந்து வேலை செய்தால் சோதனை இயந்திரத்தில் எண் இருநூறுக்குக் கீழே இருக்க வேண்டும். இவருக்கு இருநூற்று எழுபத்தாறு. நான் கவலையோடுதான் சொன்னேன். அவரோ வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவர் போல எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் அவர். வயது ஐம்பத்தேழு. இருபத்தொன்பது வருடமாக அந்த மலையை ஏறி இறங்குகிறார். நான் கைரியா, கண்டியில் ஓர் இருதய கிளினிக்கில் ஆராய்ச்சித் தாதி. க்ளோபிடோகிரெல் ஒத்துழைக்காத நாற்பது பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு டிக்காகிரெலோர், மீதிப் பேருக்குப் பிரசுக்ரெல் கொடுத்து, எது எப்படி வேலை செய்கிறது என்று ஆறு மாதம் பார்த்து எழுதுவது என் வேலை. முதலாவதைக் காலையும் மாலையும் போட வேண்டும். இரண்டாவது ஒரு வேளைதான். யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு தீர்மானிக்கும். பொன்னையாவின் உறையில் நான் கை வைத்ததும் தடுத்துவிட்டார். ஊராருக்கு வந்த உறைகளையெல்லாம் பிரிக்காமல் கொடுத்த மனிதன், தனக்கு வந்ததையாவது தானே பிரிக்க வேண்டுமாம். பிரித்தார். இரண்டு வேளை வந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் கிளினிக்கில் காலை ஆறு மணிக்கே நோயாளிகள் தங்கள் சிகிச்சைக் கொப்பிகளை அடுக்கி வைத்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை நீள வாங்குகளில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பேச்சுக்கா பஞ்சம்? இரண்டாம் மாதமே இரண்டு வேளைக்காரர்கள் ஜன்னலோர வாங்குக்கும், ஒரு வேளைக்காரர்கள் சுவரோர வாங்குக்கும் பிரிந்துவிட்டார்கள். ஜன்னல் பக்கத்துக்குப் பொன்னையா தலைவர். சுவர்ப் பக்கத்துக்கு, கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் அஸ்ஃபர். நான் எண்களைச் சொல்லச் சொல்ல, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி குறித்துக்கொள்வார்கள். ஓர் எண் இறங்கினால் அந்த வாங்கே கைதட்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. போட்டியினாலாவது குளிசையை மறக்காமல் போடுகிறார்களே என்று மகிழ்ந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

மூன்றாம் மாதம் பொன்னையாவின் எண் எண்பத்தெட்டிலிருந்து ஒரேயடியாக இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. குளிசை அட்டைகளை வாங்கிப் பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. மூச்சு வாங்குகிறதா, வேறு ஏதும் உபாதையா என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இந்த மருந்தும் இவரிடம் தோற்றுவிட்டது என்றுதான் எழுத வேண்டும் என்றார் டொக்டர். ஸ்டென்ட் எந்த நேரமும் அடைபடலாம். இவரோ மலையில் தனியாக நடக்கிறவர்.

அப்போது அஸ்ஃபர் என் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார். அன்று காலை வாயிற்கதவுக்குப் பக்கத்துக் கழிவுநீர்க் கானில் பொன்னையா குளிசைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டதைப் பார்த்தாராம்.

"நான் சொன்னா வெல்லுறதுக்குச் சொன்னதுன்னு நெனப்பாங்க மிஸ். அதுக்காகச் சொல்லாம இரிக்கவும் ஏலா" என்றார்.

பொன்னையாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். குளிசை போட்டால் ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறதாம். அதனால் இரண்டு வாரமாகப் போடவே இல்லை. அந்த மருந்தில் சிலருக்கு அப்படி வருவது எங்களுக்குத் தெரிந்ததுதான், சொன்னால் வழி இருக்கிறது, சொல்லாவிட்டால் உயிர் போகும் என்று கத்தினேன். அவர் அசையவில்லை.

"மூச்சு முட்டுதுன்னு எழுதுனா நம்ம குளிச தோத்துரும் மிஸ். பத்தொம்பது பேரு என்னய நம்பி அங்க உக்காந்திருக்காங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்ப மட்டும் வெல்லுதா? நீங்க போடாத குளிச வேல செய்யல்லன்னு எழுதப் போறாங்க. பாவம், அது என்ன செஞ்சிச்சு உங்களுக்கு?"

உயிர் போகும் என்றபோது அசையாதவர், இதைக் கேட்டதும் தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தார். தன் கட்சிக்குத் தானே குழி பறித்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு எழுந்து வெளியே போனார். இரண்டு வாங்குகளுக்கும் நடுவில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அஸ்ஃபர் எழுந்தார். ஒரு மாதமாகப் பல் துலக்கும்போதெல்லாம் முரசில் இரத்தம் வருவதாகவும், அதைத் தானும் மறைத்ததாகவும் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசியில் இரண்டு பக்கமுமாகப் பதினொரு பேர். ஒரு கறையும் இல்லையென்று நான் பெருமைப்பட்ட பதிவேட்டை மத்தியானம்வரை திருத்தினேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் உயிரோடு உட்கார்ந்து சொல்லுகிறார்களே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றே டொக்டர், பொன்னையா குளிசையை விட்ட கதையையும் மூச்சு முட்டிய கதையையும் எழுதிவிட்டு, அவரைப் பிரசுக்ரெலுக்கு மாற்றினார். அடுத்த கிளினிக்கில் எண் தொண்ணூற்றிரண்டு. கடைசி லயம்வரை நிற்காமல் ஏறுகிறாராம். எந்த வாங்கில் உட்காருவது என்று தெரியாமல்தான் மனிதர் வாசலில் நின்றார்.

அஸ்ஃபர் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க பொன்னையா அண்ணே. இங்க முரசுல ரத்தம் வரும், முன்னுக்கே சொல்லிட்டன்."

அவர் முறை வந்தபோது, ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். முழங்கால் வலியில் தொடங்கினார். கால் ஆணி, புளியேப்பம், மழை நாளில் காது அடைப்பு, மருமகனின் குறட்டை என்று கால் மணி நேரம் சொன்னார். வெளியே வரிசை முணுமுணுத்தது. நான் ஒன்றையும் விடாமல் எழுதினேன்.