பலகையில் இருந்த கால்

அவருடைய கால் பலகையில்தான் இருந்தது. நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். கண் பிசகவில்லை, விதி விளங்காமலும் இல்லை. முழங்காலிட்டு, கன்னம் புல்லில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். குதிக்கால் எழும்பவில்லை என்பதைக் கண்ட பிறகுதான் என் கை எழும்பியது. கைத்தடியில் பாதி நீளமுள்ள ஒரு கம்பு, அதன் நுனியில் ஆணியடித்த சிவப்புத் துணி. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று இதை எழுதவில்லை. சொல்லியும் ஆறாது என்று தெரிந்த பிறகே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் பி.ரி. மாஸ்டர் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன், ஆகவே கணக்கு மாஸ்டர். அகதிகளாக வந்த நாங்கள் இருவரும் சில்க்போர்க் என்ற டேனிஷ் ஊரில் ஒரே தொழிற்சாலையில், ஓடும் பட்டியின் இரு பக்கமும் எதிரெதிரே நின்று கோழி பொதி செய்தோம். மைதானத்தில் விசில் ஊதுவதும் ஒரு படிப்பிப்பா என்பது என் எண்ணம். 'பிறகு' என்பதற்கு வாய்க்கு வாய் அவர் 'மறுகா' என்பதைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டுவேன். எங்கள் ஊர்ப் பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. டேனிஷ்காரன் தும்மினால் கணக்கு மாஸ்டர் கைலேஞ்சி எடுத்து நீட்டுவார் என்று, எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லுவார்.

எண்பதுகளின் கடைசி அது. குடும்பத்தை அழைப்பதற்கு நாங்கள் கொடுத்த விண்ணப்பங்களை அமைச்சு கிடப்பில் போட்டிருந்தது. அப்படிச் செய்ததற்காக ஓர் அரசாங்கமே பின்னாளில் வீழப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? எங்கள் ஆட்களின் கூட்டத்தில், பத்திரிகைகளிடம் போவோம் என்றார் அவர். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகவும் பேச்சாளனாகவும் இருந்த நான், சத்தம் போட்டால் எல்லோருடைய விண்ணப்பமும் கெடும், பொறுமையாக இருப்போம் என்றேன். கூட்டத்தின் நடுவே அவர் எழுந்து நின்றார்.

"உங்கட பொண்டாட்டி கொழும்பில தமையன் வீட்டுல இருக்கா. என்ட பொண்டாட்டியும் மகளும் இருக்கிற ஊருல ராவைக்கு விளக்குக் கொளுத்தேலாது. மகளுக்குப் பதினெட்டு ஆகப் போகுது. மறுகா அவள இஞ்ச எடுக்கேலாது. பொறுமைய நீங்களே வச்சுக்கங்க, மாஸ்டர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. அன்றிலிருந்து பட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் ஊர் விளையாட்டுக் கழகம் ஓர் ஆண்டுவிழா வைத்தது. சுவீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கழகங்கள் வந்தன. நாடுகள் கூடி ஓடவும் எறியவும் தொடங்கிய முதல் காலத்தில், தட்டெறிதல் போட்டியில் தட்டை எப்படி எறிந்தார்களோ, அப்படியே எறிய வேண்டும் என்பது விழாவின் புதுமை. முன்னால் சரிந்த ஒரு சிறு பலகை மேடை. அதில் ஏறி நின்று, சுழலாமல், இடுப்பை மடித்துக் குனிந்து, பின்னால் போன கை திரும்பும் ஒரே வீச்சில் தட்டை விட வேண்டும். ஆளுக்கு ஒரே எறிதான், தட்டு நிலத்தில் விழும்வரை கால் பலகையை விட்டு எழும்பக் கூடாது என்று கழகம் விதி வைத்தது. உலகம் எப்போதோ கைவிட்ட இந்த முறையில்தான் பி.ரி. மாஸ்டர் எறிந்து வந்தார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பாதிரியார், தம் வாலிபத்தில் பழகியதை மாற்றாமல் அப்படியே பழக்கிவிட்டுப் போயிருந்தார். தொழிற்சாலை முற்றத்தில் அவர் வாளி மூடியை எறிந்து காட்டும்போது, "மாஸ்டர் நெல்லு வெட்டுறாரோ, தட்டு எறியிறாரோ?" என்று கேட்டவனும் நான்தான்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வென்றால் படமும் கதையும் முதல் பக்கத்தில் வரும். மனைவியையும் மகளையும் பற்றிச் சொல்லப் போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கு ஆங்கிலமும் டேனிஷும் தெரியும் என்று கழகம் என்னைக் கால் பார்க்கும் நடுவராக நிறுத்தியது.

அவர் பலகையில் ஏறியபோது, சண்டை என்று ஓடி வந்தவனுக்கு விளையாட என்ன உடம்பு என்று கயிற்றுக்கு அப்பால் ஒருவன் டேனிஷில் கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விளங்கியது, அவருக்கு விளங்கவில்லை. அவர் குனிந்தார். தொழிற்சாலையில் நாங்கள் பார்த்துச் சிரித்த அதே குனிவு. தட்டு சத்தமில்லாமல் போய், அதுவரை முதலிடத்தில் இருந்த சுவீடன்காரனின் அடையாளக் குச்சிக்கு நன்றாக அப்பால் விழுந்தது. சிரித்தவர்களே கை தட்டத் தொடங்கினார்கள். அந்தக் கைதட்டல் என்னை ஏதோ செய்தது. இவன் சத்தம் போட்டு வெல்லப் போகிறான், பொறுமை சொன்ன நான் எல்லோர் முன்னிலும் முட்டாளாகப் போகிறேன் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கொடி மேலே போனது.

அவர் கத்தவில்லை. பலகையிலேயே நின்றபடி, "கால் எங்க இருந்தது, மாஸ்டர்?" என்றார். தமிழில் கேட்டவருக்கு நான் டேனிஷில் பதில் சொன்னேன். செல்லாது என்றேன். அவர் தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார். பத்திரிகையில் சுவீடன்காரனின் படம் வந்தது. கொடியை நான் கழகத்திடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏனென்று இன்றும் தெரியாது.

சில மாதங்களில் அவருடைய மகளுக்குப் பதினெட்டு ஆனது. தடை நீங்கியபோது மனைவி மட்டும் வந்தார். மகள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். என் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு படம் வந்திருந்தால் மட்டும் அமைச்சு அசைந்திருக்குமா என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டுத்தான் பல வருடம் நித்திரை கொண்டேன். விண்ணப்பங்களை மூடி வைத்த கதை விசாரணையாகித் தொலைக்காட்சியில் ஓடிய நாட்களில், அவற்றை மூடி வைத்த கைகளை மற்றவர்களோடு சேர்ந்து நானும் ஏசினேன்.

போன வருடம் விபோர்க்கில் நம்மவர்களின் விளையாட்டு விழாவில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒருவர் என் தோளில் தட்டி, "விடுங்கோ அண்ணை, அது விளையாட்டுத்தானே" என்றார். கை தட்டினார்கள். தேநீரும் தந்தார்கள். எல்லோரும் மன்னித்துவிட்டார்கள், மன்னிக்க வேண்டியவர் அங்கே இல்லை.

அவர் ரண்டர்ஸ் நகரில் இருந்தார். கொடியை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கதவைத் திறந்தது மனைவி. யாரென்று கேட்காமலே உள்ளே விட்டு, தேநீர் வைத்தார். பி.ரி. மாஸ்டர் சன்னலோரம் இருந்தார். நான் கொடியை மேசையில் வைத்து, கால் பலகையில்தான் இருந்தது என்று தமிழில் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். "என்ட கால்தானே."

சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் மேசைக்கு வந்தார். துணியை விரித்துப் பார்த்தார்.

"நீங்களா அந்தக் கொடி? இத வச்சிட்டு நீங்க சும்மா கையோட போகலாமெண்டா வந்தீங்க? என்ட மகள் வாற நேரம் இத நான் எங்க வைக்க? கொண்டு போங்க."

பையில் திருப்பிச் சுற்றி என் கையில் தந்தார். தேநீர் குடிக்காமல் எழுந்தேன். அவர் சன்னலை விட்டுத் திரும்பவில்லை.

இப்போது அது கதவருகே, குளிர்மேலங்கிகள் தொங்கும் அலுமாரியில் சாய்ந்து நிற்கிறது. என் பேரப்பிள்ளைகள் அது என்னவென்று டேனிஷில் கேட்கிறார்கள். தமிழில் பதில் சொல்கிறேன்: கால் பலகையில்தான் இருந்தது.